பிறர் கட்டிய விமானத்தை வாங்குமுன்

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்க்கிறார்; வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். காணி வாங்கப் போகிறவர் உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்துப் பழைய பதிவுகளைத் தேடுவிக்கிறார். பழைய மோட்டார்க் கார் வாங்குபவர் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்கிறார். கைமாறி வரும் பொருளைப்பற்றி நம்மவர்க்கு இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வந்த எச்சரிக்கை உண்டு. ஆனால், ஒருவர் தமது வீட்டுக் கொட்டகையிலே தம் கையாற் கட்டிப் பறந்த ஆகாய விமானத்தை மற்றொருவர் விலைக்கு வாங்குவதாயின் எதைப் பார்ப்பது? அதற்குப் பல் எங்கே இருக்கிறது?

நம்மிடம் முன்னாளிற் பௌதிகம் பயின்று, இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாட்டில் தொழில் புரிந்துவரும் அன்பர் ஒருவர் இக்கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார். அவர் விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றவர். "நம் ஊரில் விமானம் வாங்குவார் யார்? இதனை இப்பகுதியில் எழுதுவானேன்?" என்று வாசகர் சிலர் புன்னகை செய்யக்கூடும். பிறர் செய்த ஒரு பொருளை நம்பி உயிரை ஒப்படைக்குமுன் எவ்வாறு ஆராய்வது என்பது எல்லார்க்கும் பொதுவான பாடம். மேலும், மாணவர் வகுப்பிற் படிக்கும் நிறை, அமுக்கம், புவியீர்ப்பு மையம் ஆகியவை வாழ்வில் எவ்விடத்தில் வந்து நிற்கின்றன என்பதையும் இதிற் காணலாம்.

வீட்டில் விமானமா?

மனிதனை ஏற்றி முதன்முதற் பறந்த எஞ்சின் விமானமே கைவினைப் பொருள்தான். சைக்கிள் செய்து விற்ற றைட் சகோதரர் தாமே கட்டி, 1903 டிசம்பர் 17ஆம் நாள் கிற்றி ஹோக் மணற்பரப்பிற் பறக்கவிட்ட அவ்விமானத்துக்குத் தொழிற்சாலை ஏது? அந்த மரபு பின்னரும் அறுந்துவிடவில்லை. 1953இல் போல் பொபெரெஸ்னி என்பவர் விஸ்கொன்சின் மாநிலத்தில் நிறுவிய பரிசோதனை விமானச் சங்கம், வீட்டில் விமானம் கட்டுவோரை ஒன்றுசேர்த்தது. 1970 முதல் ஒஷ்கொஷ் நகரில் அச்சங்கத்தார் ஆண்டுதோறும் கூட்டும் பெருவிழாவுக்கு உலகின் பல திசைகளிலிருந்தும் சிறு விமானங்கள் வந்து இறங்குகின்றன.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இடந்தருகிறது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் விமானம் கட்டலாம். ஆனால் வேலையின் பெரும்பகுதி அவர் கையாலேயே நடைபெற்றிருக்க வேண்டும். பாதிக்கு மேல் என்பது கருத்தாதலின், இதனை 51 சதவீத விதி என்று வழங்குவர். இவ்வாறு கட்டிய விமானம் 'பரிசோதனை' என்னும் வகுப்பிற் பதியப்படும். உள்ளே ஏறுபவர் கண்ணிற் படும்படி, 'இது தொழின்முறையாளர் அல்லாதார் கட்டியது. சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இயைந்ததன்று' என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கைப் பலகையும் பொருத்தப்படும்.

ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் உழைத்து இதனைக் கட்டும் பொறுமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகையால், பிறர் கட்டி முடித்ததை வாங்குவோர் பலர். தொழிற்சாலை விமானத்திலும் விலை குறைவு. வேகமோ பலவற்றில் அதிகம். விற்பவர் கூறும் கதை இதுவரையில் இனியதே.

மொன்ரறேக் கடலில் நிகழ்ந்தது

ஜோன் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகரின் குரலை நம் வாசகரிற் பலர் கேட்டிருப்பர். அவர் வெறும் பாடகரல்லர்; 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டிய அனுபவமுடையவர். 1997இல் அவர், பிறர் கட்டிய 'லோங் ஈசி' விமானம் ஒன்றை வாங்கினார். பேர்ட் ரூட்டன் என்னும் புகழ்பெற்ற அமைப்பாளர் வரைந்த படத்தின்படி கட்டப்படும் இருவர் அமரும் விமானம் அது. முன்னே சிறு சிறகு, பின்னே எஞ்சின். அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் மாலை கலிபோர்ணியாவிலுள்ள மொன்ரறே விமானத் தளத்திலிருந்து எழுந்தவர், சிறிது நேரத்துள் சில நூறு அடி உயரத்திலிருந்து கடலில் வீழ்ந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது 53.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் ஆராய்ந்து கண்டது யாது? அவ்விமானத்தில் இரண்டு பெற்றோல் தாங்கிகள் உண்டு. எத்தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் செல்லவேண்டும் என்பதை ஒரு திருகுபிடி தீர்மானிக்கும். ரூட்டனின் படத்தில் அது விமானியின் கால்களுக்கிடையே, கண்முன்னே இருக்கும். ஆனால் கட்டியவர் அதனை இடத்தோளுக்குப் பின்னே, முதுகுப்புறச் சுவரில் வைத்துவிட்டார். எத்திசை எத்தாங்கி என்ற குறியும் அதில் இல்லை. பெற்றோலின் அளவைக் காட்டும் கருவிகளும் பின்புறமே இருந்தன. அவற்றிலும் அளவுக்கோடுகள் இல்லை.

இக்குறை ஒளிந்திருந்ததன்று. பிடி எட்டவில்லை என்பதை டென்வர் அறிந்திருந்தார். அதனை நீட்டுவதற்காக ஒரு குறட்டைப் பூட்டிப் பார்த்தனர், பயன்படவில்லை. பின்னாலுள்ள அளவைப் பார்ப்பதற்கு ஒரு முகக்கண்ணாடியை விமானத் தளத்துத் தொழிலாளி கொடுத்தார். பெற்றோல் நிரப்பட்டுமா என்று கேட்டபோது, சிறிது நேரமே பறக்கப் போவதாற் போதும் என்று விட்டுவிட்டார். ஒரு தாங்கி வறண்டதும், பின்னே திரும்பிப் பிடியைத் திருப்ப முயன்ற வேளையில், அவர் வலக்கால் சுக்கான் மிதியைத் தன்னறியாமல் அழுத்தியிருக்க வேண்டும் என்றும், அதனால் விமானம் கட்டுமீறியது என்றும் சபையார் முடிவு செய்தனர். பெற்றோல் நிரப்பாமை, பிடியை எட்டாத இடத்தில் வைத்தமை, குறியில்லாமை, அவ்வகை விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சியின்மை ஆகிய அனைத்தும் காரணங்களாகக் கூறப்பட்டன.

சிறகு ஒடியவில்லை, எஞ்சின் சிதறவில்லை. விமானம் பறக்கத் தக்கதாகவே இருந்தது. பறந்தவரும் தேர்ந்தவரே. கட்டியவர் ஒருவர் தம் வசதிக்கும் விருப்பத்துக்கும் செய்த ஒரு மாற்றம், அதனை அறிந்திருந்தும் பொறுத்துக்கொண்ட மற்றொருவரைக் கொன்றது. வீட்டில் கட்டிய விமானத்தை வாங்குபவர் நினைவிற் கொள்ளவேண்டியது இதுவே: தொழிற்சாலை விமானத்தை வாங்கும்போது நாம் ஒரு வகையை வாங்குகிறோம்; அதைப்போல் ஆயிரம் உண்டு. கைவினை விமானத்தை வாங்கும்போதோ ஒரு மனிதரின் கையையும் புத்தியையும் வாங்குகிறோம். பெயர் ஒன்றாயினும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆகவே ஆராய்ச்சி, இயந்திரத்துக்கு முன்னே மனிதரில் தொடங்கவேண்டும்.

ஏடுகள் பேசட்டும்

விமானத்தைத் தொடுமுன் ஏடுகளைக் கேட்க வேண்டும். பதிவுப் பத்திரம், பறக்கத் தகுதியுடையது என்னும் சான்றிதழ், அதனோடு சேர்ந்த இயக்க வரையறைகள் ஆகியவை முதலாவன. இவ்வரையறைகள் என்பவை, 'இவ்விமானம் இன்ன முறையிற் பறக்கலாம், இன்னது செய்யலாகாது' என்று அவ்வொரு விமானத்துக்கென்றே எழுதப்பட்டவை. இவை காணாமற் போயிருந்தால் வாங்குபவர் பறக்க முடியாது நிற்பார்.

அடுத்தது குறிப்பேடுகள். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என இருப்பது வழக்கம். புதிதாகக் கட்டிய விமானத்தைக் குடியிருப்புகளினின்று விலகிய ஒரு குறித்த பரப்பில், பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் பறக்கவிட்டுச் சோதிக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கமான விதி. அச்சோதனை முடிந்து, எல்லா வேகங்களிலும் விமானம் கட்டுக்கடங்கியது என்று எழுதிக் கையொப்பமிட்ட குறிப்பு இருக்கிறதா? சோதனை நாள்களில் என்ன கண்டார்கள் என்ற விபரம் உண்டா? நாற்பது மணி நேரத்தையும் ஒரே வரியில் எழுதி முடித்திருந்தால், அந்த ஒரு வரியை நெடுநேரம் யோசித்துப் படிக்க வேண்டும்.

யாவற்றிலும் மேலானது கட்டிய காலத்து ஏடு. நல்ல தொழிலாளர் தாம் செய்த ஒவ்வொரு நாள் வேலையையும் நாளிட்டு எழுதி, மூடப்படுமுன் சிறகின் உட்புறத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருப்பார். சிறகை மூடியபின் உள்ளே பார்க்க முடியாதன்றோ? அந்தப் படங்களே வாங்குபவருடைய கண்கள். படமும் இல்லை, ஏடும் இல்லை என்றால், வேலை கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நல்லது என்று சொல்லவும் வழியில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விமானத்தைக் கட்டியவர், ஆண்டுக்கொரு முறை அதனைச் சோதித்துச் சான்று எழுதும் உரிமைப்பத்திரம் ஒன்றை அரசாங்கத்திடம் பெறலாம். அப்பத்திரம் அவருக்கே உரியது. விமானத்தை விற்கும்போது அது வாங்குபவரிடம் வருவதில்லை. வாங்கியவர் எண்ணெய் மாற்றலாம், பழுதும் பார்க்கலாம். ஆண்டுச் சோதனைக்கோ சட்டம் ஏற்கும் தகுதியுடையவர் ஒருவர் வேண்டும். அத்தகையவர் அருகில் இருக்கிறாரா, கைவினை விமானத்திற் கைவைக்க இசைவாரா என்பதை வாங்குமுன் விசாரிப்பது நல்லது.

கட்டியவர் யார்?

விற்பவர் கட்டியவர்தாமா, அன்றி அவரும் வாங்கியவரா? கட்டியவர் உயிரோடிருந்தால் அவரோடு ஒரு பகல் இருந்து பேசவேண்டும். 'படத்திலிருந்து எங்கெங்கே மாறினீர்கள்? ஏன் மாறினீர்கள்?' என்பதே தலையாய கேள்வி. மாற்றமே இல்லை என்பவரிலும், 'இன்னின்னவற்றை மாற்றினேன். அமைப்பாளரை எழுதிக் கேட்டே மாற்றினேன்' என்பவர் நம்பிக்கைக்கு உரியவர். மூலப்படம் ஒன்றைப் பெற்றுவந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு விமானத்தை ஒப்பிட வேண்டும். டென்வரின் விமானத்தைப் படத்தோடு ஒப்பிடும் எவருக்கும் அப்பிடியின் இடமாற்றம் உடனே புலப்பட்டிருக்கும்.

அமைப்பையே ஐயுற வேண்டிய நேரமும் உண்டு. 1933இல் பிரான்சு தேசத்து ஆன்றி மின்யே என்பவர் 'வானத்துத் தெள்ளு' என்னும் சிறு விமானத்தை அமைத்து, எவரும் இதனைக் கட்டலாம் என்று புத்தகமும் எழுதினார். ஐரோப்பாவெங்கும் பலர் கட்டினர், சிலர் மாண்டனர். 1936இல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான், மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்தால் அதனைத் திரும்ப நிமிர்த்த முடியாது என்பது வெளியாயிற்று. எத்துணை நன்றாகக் கட்டியிருப்பினும் அக்குறை நீங்கியிராது. ஆகையால், பலர் கட்டிப் பல்லாண்டு பறந்த வகையைத் தேடுவதே முதலில் வாங்குபவர்க்கு நன்று. ஒறிகன் மாநிலத்தில் றிச்சட் வான்கிறன்ஸ்வன் 1973இல் தொடங்கிய நிறுவனத்தின் 'ஆர்வி' வகை விமானங்கள் 10,000க்கு மேற்பட்டவை பறந்துள்ளன. அத்தகைய வகையில் எது பழுதுபடும், எங்கே விரிசல் காணும் என்பதை அறிந்தவர் ஊருக்கு ஊர் இருப்பர். பிழை கண்டபோதெல்லாம் அமைப்பாளர் அறிவித்தல்கள் விடுப்பர். அவற்றைச் செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கைவினை விமானத்துக்குப் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே செய்திருக்கிறாரா என்று கேட்கவேண்டியது கட்டாயமாகிறது.

உடலைத் தட்டிப் பார்த்தல்

இனி விமானத்திடம் செல்வோம். தனியே செல்லலாகாது. அதே வகையைத் தாமே கட்டிய ஒருவரை அழைத்துச் செல்லவேண்டும். விற்பவருடைய நண்பராக அவர் இருத்தல் ஆகாது. எஞ்சின் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராயினும், இவ்வகையின் நோய்களை அறியாராயின் பாதியையே காண்பார்.

அலுமினியத் தகட்டால் ஆனதாயின், தகடுகளை இணைக்கும் தறையாணிகளைப் பார்க்க வேண்டும். ஆணி தகட்டின் ஓரத்திலிருந்து தன் விட்டத்தைப்போல் இருமடங்கு தூரமாவது உள்ளே இருத்தல் வேண்டும். ஓரத்தை ஒட்டி அடித்திருந்தால் தகடு கிழியும். ஆணியைச் சுற்றிக் கரும்புகை படிந்தாற்போல் ஒரு கீற்றுத் தென்பட்டால், அது புகையன்று. ஆணி தளர்ந்து தகட்டோடு உராய்வதால் எழும் அலுமினியத் தூள்.

லோங் ஈசியைப்போல் நுரைப்பலகையின்மேற் கண்ணாடி நார்த்துணியைப் பிசினால் ஒட்டிச் செய்ததாயின், பரிசோதனைக் கருவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நன்றாக ஒட்டிய இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே காற்று அடைபட்டோ ஒட்டு விட்டோ இருந்தால் ஒலி மழுங்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கும் அதே அறிவுதான். இவ்வகை விமானங்களுக்கு வெள்ளை வர்ணமே விதி. கருநிறம் வெயிலை உறிஞ்சிப் பிசினை இளக்கிவிடும். அழகுக்காகச் சிறகிற் கருவர்ணம் பூசியிருந்தால், அவ்வொன்றே கட்டியவரைப்பற்றி நமக்குச் சொல்லிவிடும்.

மரமாயின் நீரே பகை. சிறகின் அடியில் நீர் வடிவதற்கு விட்ட சிறு துளைகள் அடைபட்டுள்ளனவா, ஒட்டுப்பலகையில் நீர்க்கறை உண்டா, மூடியைத் திறந்தால் உளுத்த மணம் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான சில உண்டு. விமானத்துக்கென்று செய்த உருக்கு ஆணிகளின் தலையிற் குறுக்குக் குறி பொறித்திருக்கும். குறியில்லாத கடைச் சரக்கு ஆணி சிறகின் மூட்டில் இருந்தால், வேறெதையும் பாராமல் வீடு திரும்பலாம். நட்டுக்கள் கழலாதபடி கம்பி கட்டியோ ஊசி செருகியோ இருக்கவேண்டும். பிடியை இடப்புறம் சாய்த்தால் இடச்சிறகின் ஓரமடல் மேலெழ வேண்டும். வலமடல் தாழ வேண்டும். இது மாறியிருக்குமா என்று சிரிக்க வேண்டா. பழுது பார்த்தபின் கம்பிகளை மாற்றிப் பூட்டியதால் விமானங்கள் வீழ்ந்ததுண்டு.

பின்னர் ஆசனத்தில் அமர்ந்து பட்டியை இறுகப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் கண்ணை மூடியபடி எட்டித் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டாத ஒன்று இருப்பின் அதனைச் சரிசெய்த பின்னரே பறத்தல் வேண்டும். அதுவரையில் எந்த முகக்கண்ணாடியும் குறடும் ஈடாகா. பெற்றோல் காட்டும் கருவியை அளந்து ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். மூக்கு மேலே ஏறிய நிலையில் வைத்துக் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு பெற்றோல் வருகிறது என்றும் அளக்க வேண்டும். தன் நிறையால் இறங்கிவரும் பெற்றோலாயின், எஞ்சின் முழு விசையில் அருந்தும் அளவிலும் ஒன்றரை மடங்கு வருதல் வேண்டும் என்பது பொறியியலார் கொண்ட அளவு.

எஞ்சின் மூச்சு

'எஞ்சின் இதுவரை 200 மணி நேரமே ஓடியது' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எத்தனை ஆண்டுகளில் என்று கேட்க வேண்டும். பெயர்பெற்ற லைக்கொமிங் எஞ்சின்களிற் பலவற்றுக்குச் செய்தவர்களே 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, இரண்டில் முந்தியது எதுவோ அதில் முழுதும் பிரித்துப் புதுப்பிக்குமாறு கூறியுள்ளனர். ஓடித் தேயும் எஞ்சினிலும் ஓடாமற் துருப்பிடிக்கும் எஞ்சின் கெட்டது. கொட்டகையிற் கிடக்கும்போது உள்ளே ஈரம் படிந்து சிலிண்டர்ச் சுவரும், வால்வுகளைத் தூக்கும் தண்டும் துருப்பிடிக்கும். இடையிடையே நிலத்தில் நின்றபடி சிறிது நேரம் ஓட்டி வைத்தேன் என்பாராயின் அதுவும் நன்றன்று. ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றும் சூட்டை எண்ணெய் அவ்வளவில் அடைவதில்லை.

எஞ்சினின் மூச்சை அளக்க ஓர் அழகிய முறை உண்டு. ஒரு சிலிண்டரின் உள்ளே சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்திற் காற்றைச் செலுத்தி, எவ்வளவு உள்ளே தங்குகிறது என்று மற்றொரு மானியிற் பார்ப்பர். 80இல் 75 நின்றால் நன்று. எல்லாச் சிலிண்டர்களும் ஒத்திருத்தலும் வேண்டும். அதைவிடச் சுவையானது காது கொடுத்துக் கேட்பது. காற்று புகைக்குழாய் வழியே சீறினால் புகை வால்வு கெட்டது. உட்செல்லும் வழியிற் சீறினால் உள் வால்வு கெட்டது. எண்ணெய் ஊற்றும் வாயில் ஒலித்தால் வளையங்கள் தேய்ந்தன. எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்துப் பார்க்கவும் தவறலாகாது. அதில் உலோகச் செதில் மின்னினால், எஞ்சின் தன்னைத் தானே தின்னுகிறது என்பதே பொருள்.

மோட்டார்க் கார் எஞ்சினை மாற்றியமைத்துப் பூட்டியிருப்பாரும் உளர். அது குற்றமன்று; 1920களின் இறுதியில் மினசோட்டாவில் பேர்ணாட் பீற்றன்போல் கட்டிய விமானம் போர்ட் கார் எஞ்சினாற் பறந்ததே. ஆனால் அத்தகைய எஞ்சினுக்கு, கட்டியவரைத் தவிர வைத்தியர் இரார். அவர் மறைந்தபின் வாங்குபவர் இதனை மறக்கலாகாது.

நிறையும் மையமும்

மாணவர் இப்பகுதியைக் கணக்கோடு படிக்கலாம். விமானத்தின் சக்கரங்களின் கீழ்த் தராசு வைத்து நிறுத்தால், புவியீர்ப்பு மையம் எங்கே என்று காணமுடியும். உதாரணமாக, மூக்கிலிருந்து 1 மீற்றரில் உள்ள முன்சக்கரம் 100 கிலோவும், 2.5 மீற்றரில் உள்ள இரு பெருஞ்சக்கரங்கள் சேர்ந்து 400 கிலோவும் காட்டுவதாகக் கொள்வோம். 100ஐ 1ஆலும், 400ஐ 2.5ஆலும் பெருக்கிக் கூட்ட 1,100 வரும். மொத்த நிறை 500. வகுத்தால் மையம் 2.2 மீற்றரில் உளது. இனி, பின்னே 3.2 மீற்றரில் 25 கிலோப் பெட்டி ஒன்றை வைப்போம். 1,180ஐ 525ஆல் வகுக்க, மையம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னே போய்விடுகிறது. சிறு விமானங்களில் மையம் நகரலாம் என விட்ட எல்லை ஒரு சாணளவே இருப்பதுண்டு. அதைத் தாண்டிப் பின்னே சென்றால், மூக்கு மேலெழும். சிறகு காற்றின் தாங்குதலை இழக்கும். திரும்ப மீட்பது அரிதாகும்.

கட்டியபின் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மானி, ஒரு மெத்தை, ஒரு வர்ணப் பூச்சு என நிறை ஏறிக்கொண்டே போகும். ஏட்டில் உள்ள நிறையோ முதல் நாளினது. ஆதலால், 'எழுதியிருக்கிறது' என்பதோடு அமையாது, தராசைக் கொண்டுவரச் செய்தல் வேண்டும்.

கடைசியிற் சோதிக்க வேண்டியவர்

இவ்வளவும் தேறியபின், சோதிக்கப்படாது எஞ்சியிருப்பவர் ஒருவரே; அவர் வாங்குபவர். மேற்கூறிய பாதுகாப்புச் சபையார் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கைவினை விமானங்கள் அமெரிக்கப் பொதுப் பறப்பு விமானங்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தாக இருக்க, 2011இல் நேர்ந்த உயிர்ச்சேத விபத்துக்களில் அவற்றின் பங்கு நூற்றுக்கு 21 என்று கண்டனர். அவ்வாண்டு அவர்கள் ஆராய்ந்த 224 கைவினை விமான விபத்துக்களிற் பாதிக்கு மேற்பட்டவை, பிறரிடம் வாங்கிய விமானங்களில் நேர்ந்தவை. அவற்றுள் 14, புதிய உரிமையாளர் முதன்முறை பறந்தபோதே நேர்ந்தவை.

முதற் பறப்பு! கட்டியவர் ஆண்டுக்கணக்கில் ஒவ்வோர் ஆணியோடும் பழகியவர். வாங்கியவரோ பணத்தை எண்ணிக் கொடுத்துச் சாவியைப் பெற்ற அன்றே அதனை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறார். ஆயிரம் மணி நேரம் வேறு விமானம் ஓட்டியிருந்தாலும் இதன் பழக்கம் வேறு. இறங்கும் வேகம் வேறு. கை அசைவுக்கு இது திரும்பும் விரைவு வேறு. ஆகையால், முதலில் விற்பவர் ஓட்ட, வாங்குபவர் அருகிலிருந்து பார்க்கவேண்டும். அடுத்து, அதே வகை விமானத்தில் ஆசிரியர் ஒருவரிடம் சில மணி நேரமாவது பயிலவேண்டும். தாங்கியை நிரப்பி, நல்ல வெளிச்சத்தில், நீண்ட தளத்தில், தனியே முதலிற் பறக்கவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் அவசரம் இருப்பின், அவ்வகையிற் கைதேர்ந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து ஓட்டிவரச் செய்யலாம். அக்கூலி, விமானத்தின் விலையை நோக்கச் சிறிதே.

இவ்வளவும் செய்யப் பல நாள் செல்லும், பணமும் செல்லும். விற்பவர், 'வேறொருவர் நாளை வருகிறார்' என்று அவசரப்படுத்துவார். விமானமோ பளபளத்து நிற்கும். பார்த்தவுடன் ஆசை பிறந்துவிட்டால், அதன்பின் காணும் குறையெல்லாம் சிறு குறையாகவே தோன்றும். ஆதலின், எந்தெந்தக் குறை கண்டால் வாங்குவதில்லை என்பதை வீட்டிலிருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுமாறு அன்பருக்கு எழுதியுள்ளோம். வேண்டாம் என்று சொல்லித் திரும்புவதிலே வெட்கமில்லை.

அவ்விமானத்தில் இரண்டாவது ஆசனமும் உண்டு. அங்கே மனைவி அமரலாம், மகன் அமரலாம். உள்ளே ஏறும்போது அந்த எச்சரிக்கைப் பலகையை அவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்து அமர்ந்துவிடுவார்கள். ஏடுகளைப் புரட்டி அறியவோ, ஆணிகளின் தலையைப் பார்க்கவோ, தராசு வைத்து நிறுக்கவோ அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்துப் பார்க்கவேண்டியவர் வாங்குபவரே.